கண்புரை ஆபரேஷனுக்குப் பிறகு காலையில் மட்டும் மங்குவது ஏன்?

கேள்வி: அம்மாவுக்கு வயது 68. ஒரு கண்ணில் புரை ஆபரேஷன் முடிந்து மூன்று வாரம் ஆகிறது. காலையில் எழுந்ததும் எல்லாம் புகைமூட்டமாகத் தெரிகிறது என்கிறார், மதியத்துக்கு மேல் கொஞ்சம் தெளிகிறதாம். கருவிழியில் நீர் கோர்த்திருக்கிறது என்று உப்புச் சொட்டு மருந்து கொடுத்திருக்கிறார்கள். லென்ஸை மாற்ற வேண்டியிருக்குமா? இன்னொரு கண்ணுக்கு ஆபரேஷன் செய்யலாமா?

பதில்: லென்ஸ் மேல் சந்தேகப்பட வேண்டாம். காலையில் அதிகம், மதியம் குறைவு என்பதே கருவிழியைத்தான் காட்டுகிறது.

கருவிழியின் உட்பக்கம் எண்டோதீலியம் என்ற ஒற்றை அடுக்குச் செல்கள் உண்டு. உள்ளே கசியும் நீரை ஓயாமல் வெளியே இறைப்பது அவற்றின் வேலை. பெரியவர்களுக்கு ஒரு சதுர மில்லிமீட்டருக்குச் சுமார் 2,500 செல்கள் இருக்கும். இறந்தால் திரும்ப முளைக்காது, பக்கத்துச் செல்கள் விரிந்து இடத்தை நிரப்பும். புரையை உடைக்கும் அல்ட்ராசவுண்டிலும் அதன் துண்டுகள் உரசுவதிலும் இந்த அடுக்கு கொஞ்சம் அடிபடத்தான் செய்யும். தூங்கும்போது இமை மூடியிருப்பதால் ஈரம் ஆவியாகாமல் கருவிழி ஊதிவிடுகிறது. கண் திறந்து சில மணி நேரத்தில் வற்றுகிறது. லென்ஸுக்குப் பின்னால் படலம் விழுந்தால் மங்கல் நாள் முழுக்க ஒரே மாதிரி இருக்கும். அதுவும் பெரும்பாலும் மாதங்கள் கழித்துத்தான் வரும்.

வீட்டிலேயே ஒன்று செய்யுங்கள். தினமும் ஆபரேஷன் செய்யாத கண்ணை மூடிக்கொண்டு, ஒரே இடத்தில் நின்று சுவர்க் காலண்டரைப் பார்க்கச் சொல்லுங்கள். எழுத்து எத்தனை மணிக்குத் தெளிகிறது என்று குறித்து வையுங்கள். 12 மணி என்பது 10, 9 என்று முன்னால் வந்தால் கருவிழி தேறுகிறது. மருத்துவருக்கும் இந்தக் குறிப்பு உதவும்.

5 சதவீத உப்புச் சொட்டு சுள்ளென்று எரியும். மேல்பரப்பு நீரை இழுக்குமே தவிர, செல்களைச் சரிசெய்யாது. ஸ்டீராய்டு சொட்டு அழற்சியைக் குறைக்கும். ஆனால் சிலருக்குக் கண் அழுத்தத்தை ஏற்றிவிடும், அழுத்தம் ஏறினால் வீக்கமும் கூடும். அதனால் அதை நீங்களாக நிறுத்தவும் கூடாது, நீட்டவும் கூடாது. ஊதிய கருவிழியில் அழுத்தம் உண்மையைவிடக் குறைவாகக் காட்டலாம் என்பதையும் நினைவில் வையுங்கள். அழுத்தத்துக்கு டார்சோலமைடு கொடுத்திருந்தால், பலவீனமான எண்டோதீலியத்துக்கு அது ஒத்துவருமா என்று கேட்டுவிடுங்கள்.

தெளிவே ஏற்படவில்லை என்றால் வேறு காரணம் தேட வேண்டும். எண்டோதீலியம் ஒட்டியிருக்கும் மெல்லிய டெசிமெட் சவ்வு கழன்றிருக்கலாம். கண்ணின் அடுக்குகளைப் படமெடுக்கும் ஓசிடி ஸ்கேனில் தெரிந்துவிடும், கண்ணுக்குள் காற்றோ வாயுவோ செலுத்தி ஒட்டவைக்கலாம். கீழ்ப்பகுதி மட்டும் வீங்கியிருந்தால் புரைத் துண்டு எதுவும் உள்ளே தங்கியிருக்கிறதா என்று பார்ப்பார்கள். இரண்டும் இல்லையென்றால் பொதுவாக மூன்று மாதம் வரை பொறுத்துப் பார்ப்பது நல்லது. அப்படியும் தேறாவிட்டால் டிமெக் அல்லது டிசெக், அதாவது உள் அடுக்கை மட்டும் மாற்றும் ஆபரேஷன். முழுக் கருவிழியையும் மாற்றுவது இப்போது இதற்கு அரிது.

வலி, திடீர்ச் சிவப்பு, சீழ், பார்வை சட்டென்று இறங்குவது, இவற்றில் ஒன்று வந்தாலும் காலண்டர் கணக்கெல்லாம் வேண்டாம். கண்ணுக்குள் தொற்றாக இருக்கலாம், அன்றைக்கே போய்விடுங்கள்.

சரி, அடுத்த கண். முதலில் ஸ்பெகுலர் மைக்ரோஸ்கோப்பியில் செல் எண்ணிக்கை பார்க்கச் சொல்லுங்கள். எண்டோதீலியச் செல்கள் தானாகவே குறைந்துகொண்டு போகும் ஃபியூக்ஸ் நோய் இருந்தால் இரண்டு கண்ணிலும்தான் இருக்கும். கருவிழியின் உட்பக்கம் குட்டிக் குட்டிப் புள்ளிகளாகத் தெரியும். எண்ணிக்கை குறைவு என்று பயந்து வருடக்கணக்கில் தள்ளிப்போடுவதை நான் ஆதரிக்க மாட்டேன். புரை முற்றி இறுகினால் உடைக்கக் கூடுதல் அல்ட்ராசவுண்டு தேவைப்படும், இருக்கும் செல்களுக்கு அது இன்னும் அடி. முதல் கண் அடங்கிய பிறகு, அதில் நடந்ததைச் சொல்லித் தேதி வாங்குங்கள். ஆபரேஷனில் செல்களைப் பாதுகாக்கும் ஜெல்லை மருத்துவர் அதற்கேற்பத் தேர்ந்தெடுப்பார்.