‘ஸ்காலர்ஷிப் பிள்ளைகள் எந்திரிங்க’

அன்புள்ள ஐயா,

என் தங்கை மகள் தேவகோட்டைப் பக்கம் எட்டாம் வகுப்பு படிக்கிறாள். போன வாரம் வகுப்பில், ‘எஸ்.சி. ஸ்காலர்ஷிப் பிள்ளைகள் எல்லாம் எந்திரிங்க’ என்றிருக்கிறார்கள். இவள் எழவில்லை. வீட்டுக்கு வந்து, ‘அந்தப் பணமே வேண்டாம்’ என்று ஒரே அழுகை. பள்ளியில் கேட்டால், ‘ஃபாரம் நிரப்பத்தானே கேட்டோம்’ என்கிறார்கள். நான்தான் பெரிதுபடுத்துகிறேனா?

ம., காரைக்குடி

அன்புள்ள ம.,

இல்லை. நானும் எழுந்து நின்றவன்தான். இதே செட்டிநாட்டுச் சீமையில் ஒரு பள்ளிக்கூடம், பெயர் வேண்டாம். பக்கத்தில் உட்காருபவன் தினமும் என் டப்பாவிலிருந்து எலுமிச்சை ஊறுகாயை எடுத்துத் தின்பான். அன்றைக்கு நிமிர்ந்து பார்த்தான், ஒன்றும் சொல்லவில்லை. மறுநாள் டப்பாவைத் திறந்து வைத்துக் காத்திருந்தேன். அவன் கை வரவே இல்லை. எழச் சொன்ன வாத்தியார் கெட்டவரும் இல்லை. எனக்கு இங்க் பேனா வாங்கித் தந்தவரே அவர்தான்.

ஃபாரம் என்பதெல்லாம் சாக்கு. பிள்ளையின் சாதி விவரம் எமிஸில், அதாவது கல்வித் துறையின் கணினிப் பதிவில், ஏற்கெனவே ஏறியிருக்கும். ஆபீஸ் அறையிலேயே பார்த்துக்கொள்ளலாம். நாங்குநேரியில் பட்டியல் சாதி மாணவனைச் சக மாணவர்களே வீடு புகுந்து வெட்டிய சம்பவத்துக்குப் பிறகு அரசு அமைத்த நீதிபதி சந்துரு குழு, 2024 ஜூனில் கொடுத்த அறிக்கையில் இதையும் விடவில்லை: வருகைப் பதிவேட்டில் சாதி இருக்கக் கூடாது, உதவித்தொகை விஷயத்தைத் தலைமை ஆசிரியர் தன் அறைக்குக் கூப்பிட்டுத்தான் சொல்ல வேண்டும். ‘அது பரிந்துரைதானே’ என்பார்கள். சரி, சட்டத்தையே காட்டுங்கள். 2009 கல்வி உரிமைச் சட்டத்தின் 17ஆம் பிரிவு, பிள்ளையை அடிப்பதோடு மனத்தளவில் துன்புறுத்துவதையும் தடுக்கிறது. 14 வயது வரை அது செல்லும்.

நம் பக்கத்துக் கதையும் உங்களுக்குத் தெரிந்திருக்கட்டும். இதெல்லாம் ராமநாதபுரம் மாவட்டமாக இருந்த காலத்தில், 1931இல், ஆதிதிராவிடர்கள் மீது ஆதிக்க சாதியினர் 11 தடைகள் போட்டார்கள். ஆதிதிராவிடர் பிள்ளைகள் எழுதப் படிக்கக் கூடாது என்பது அதில் ஒன்று. மிராசுதாரின் மாட்டை மேய்த்தால் போதுமாம். உங்கள் பாட்டனாரோ அவர் அப்பாவோ இதைக் காதால் கேட்டிருக்கக்கூடும்.

தலைமை ஆசிரியருக்கு எழுத்திலேயே கொடுங்கள், நகலில் கையெழுத்தும் முத்திரையும் வாங்கிக்கொள்ளுங்கள். அசையவில்லை என்றால் மாவட்டக் கல்வி அலுவலர் இருக்கிறார், கல்வி உதவி எண் 14417 இருக்கிறது. எழாமல் உட்கார்ந்திருந்ததற்காக அவளைத் திட்டிவிடாதீர்கள். எனக்கு அந்தத் தைரியம் வரவில்லை.

அப்புறம், பணத்தை விட்டுவிட வேண்டாம். அவள் பெயரில் பேங்க் கணக்கு இருக்கிறதா, ஆதார் சேர்த்திருக்கிறதா என்று இந்த வாரமே பார்த்துவிடுங்கள்.