நோயிலும் பிறரை நினைக்கும் தோழி

கேள்வி: என்னுடன் அரசுப் பள்ளியில் பல ஆண்டுகளாகப் பணியாற்றிவரும் கிறிஸ்தவத் தோழிக்கு இரத்தப் புற்றுநோய். வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரி (சி.எம்.சி.) மருத்துவமனையில் சிகிச்சை பெற்றுத் தேறிவந்த நிலையில், நோய் திரும்பியிருப்பதாக மருத்துவர்கள் கூறிவிட்டார்கள். அப்படியிருந்தும், கீமோதெரபிக்குச் செல்லும் நாள்களில், வங்காளத்திலிருந்தும் அஸ்ஸாமிலிருந்தும் வந்து மொழி தெரியாமல் தவிக்கும் குடும்பங்களுக்கு இந்தியில் பேசி வழிகாட்டுகிறார். தமக்கு வந்த பண உதவியில் ஒரு பகுதியைப் பக்கத்துப் படுக்கைச் சிறுவனின் மருந்துக்குக் கொடுத்துவிட்டார். நான் ஆறுதல் சொல்லப் போனால், என் மகளின் தேர்வைப் பற்றி விசாரிக்கிறார். "கர்த்தர் பார்த்துக்கொள்வார்" என்கிறார். இந்த அமைதி உண்மையானதா, எங்களுக்காக அச்சத்தை மறைக்கிறாரா? தமக்காக ஜெபிக்கும்படியும் கேட்டார். நான் இரத்தினகிரி முருகனை வழிபடுகிறவள். என் வேண்டுதல் அவருக்கு ஏற்புடையதாக இருக்குமா?

– பெயர் வெளியிட விரும்பாத வாசகி, குடியாத்தம்

பதில்: உங்கள் தோழியின் அமைதி உண்மையாகவே இருக்கலாம், அதனோடு அச்சமும் இருக்கலாம். இரண்டும் ஓர் உள்ளத்தில் ஒன்றாகக் குடியிருக்க முடியாது என்று நாம் எண்ணிக்கொள்வதால்தான், ஒன்று மெய், மற்றது வேடம் என்று பிரித்துப் பார்க்கத் தோன்றுகிறது. விசுவாசம் உள்ளவருக்கு நோய் எப்போதும் நீங்கிவிடுவதாகக் கிறிஸ்தவ வேதம் காட்டவில்லை. தம் உடலில் இருந்த 'முள்' என்று அவர் குறிப்பிடும் துன்பம் நீங்க வேண்டுமென்று மூன்று முறை மன்றாடியும் அது நீக்கப்படவில்லை என்பதை அப்போஸ்தலர் பவுல் கொரிந்து நகரத்துக் கிறிஸ்தவர்களுக்குத் தாமே எழுதியிருக்கிறார். வேதத்திலுள்ள பாடல்களான சங்கீதங்களில் துதிக்கு நிகராகப் புலம்பலும் உண்டு. இவற்றைப் படித்து வளர்ந்த ஒருவர், அச்சம் இருக்கும்போதே கடவுளை நம்பப் பழகியிருப்பார்.

இப்படி ஒருவரை வேலூர் முன்பே கண்டிருக்கிறது. சி.எம்.சி.யின் மருத்துவரான மேரி வர்கீஸ், 1954ஆம் ஆண்டு நேர்ந்த சாலை விபத்தில் முதுகுத்தண்டு பாதிக்கப்பட்டு, இடுப்புக்குக் கீழே செயலிழந்தார். நெடுநாள் வலியிலும் மனச்சோர்விலும் உழன்றவர், பிறகு சக்கர நாற்காலியில் அமர்ந்தபடியே, தொழுநோயால் மடங்கிப்போன கைகளுக்கு அறுவைச் சிகிச்சை செய்தார். அமெரிக்காவில் மறுவாழ்வு மருத்துவம் பயின்று திரும்பி, தம்மைப் போல் நடக்க இயலாதவர்களுக்காக 1966இல் வேலூரின் பாகாயத்தில் தொடங்கிய மறுவாழ்வு நிலையத்துக்கு உயிர்கொடுத்தார். அவருடைய தொண்டு பெரிது என்பதால் அவர் பட்ட வலி பொய்யாகிவிடவில்லை. உங்கள் தோழியையும் அப்படியே பாருங்கள்.

எனக்குள்ள கவலை வேறு. ஆலயத்தாரும் உறவினரும் சக ஆசிரியர்களும் "என்ன விசுவாசம்!" என்று வியக்க வியக்க, ஒரு நாளாவது சோர்ந்து படுக்கும் உரிமைகூட நோயாளிக்கு இல்லாமல் போய்விடுகிறது. எல்லோரையும் தேற்றியனுப்பிவிட்டு, இரவில் தனியாக விழித்திருக்க நேர்கிறது. அடுத்த முறை செல்லும்போது புகழ்ச்சியும் ஆறுதலும் வேண்டாம். மகளின் தேர்வைப் பற்றி அவர் கேட்டால் மனம்விட்டுப் பதில் சொல்லுங்கள். அந்தப் பேச்சு அவருக்கும் தேவைப்படுகிறது. அதன்பின், "உங்களுக்குப் பயமாக இருந்தால் என்னிடம் சொல்லலாம், நான் யாரிடமும் சொல்லமாட்டேன்" என்று ஒரே ஒரு முறை கூறிவிட்டு விட்டுவிடுங்கள். சொல்வதும் சொல்லாததும் அவர் விருப்பம்.

வேண்டுதலைப் பற்றித் தயங்கவே வேண்டாம். நீங்கள் யாரை வழிபடுகிறீர்கள் என்பது இத்தனை ஆண்டுகள் உடன் பணியாற்றியவருக்குத் தெரியாதா? தெரிந்துதான் கேட்டிருக்கிறார். இரத்தினகிரியில் அவர் பெயரைச் சொல்லி வேண்டிக்கொண்டதை அவரிடம் மறைக்காமல் கூறுங்கள். களைப்பில் புத்தகத்தைப் பிடிக்க இயலாத நாளில் வேதம் வாசிக்கச் சொன்னால், வாசியுங்கள். அதனால் உங்கள் முருகனுக்கு எந்தக் குறையும் வந்துவிடாது. இது சரியா தவறா என்று மற்றவர்கள் விவாதித்தால், அந்தப் பேச்சு அவர் காதுக்குப் போகாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

செய்யக்கூடிய உதவிகளும் உண்டு. கீமோதெரபி இரத்த அணுக்களைக் குறைத்துவிடும். இரத்தத்திலிருந்து பிரித்தெடுக்கும், இரத்தம் உறைய உதவும் பிளேட்லெட்டு அணுக்களைப் பொதுவாக 5 நாள்களுக்கு மேல் வைத்திருக்க முடியாது என்பதால், கொடையாளர்களின் தேவை ஓய்வதில்லை. பள்ளியில் கொடுக்க முன்வருபவர்களின் இரத்த வகையையும் தொலைபேசி எண்ணையும் எழுதி அவர் குடும்பத்தாரிடம் கொடுத்துவையுங்கள். யார் எப்போது வர வேண்டும் என்பதை இரத்த வங்கியினர் சொல்வார்கள். வெள்ளையணுக்கள் குறைந்திருக்கும் நாள்களில் சிறு தொற்றும் ஆபத்து. சளி, இருமல் உள்ளவர்கள் எவ்வளவு அன்பிருந்தாலும் நேரில் செல்லக் கூடாது.

இன்னொன்று, இதுவே அவருக்கு மிகவும் பிடிக்கும் என்று நினைக்கிறேன். வேலூர் விடுதிகளில் தங்கியிருக்கும், மொழி தெரியாத அந்தக் குடும்பங்களுக்கு, அவர் எழுந்து நடமாட முடியாத வாரங்களில் வழிகாட்ட ஆளிருக்காது. உங்கள் பள்ளியில் இந்தி தெரிந்த ஒருவரை அழைத்துக்கொண்டு, மருத்துவமனைக்கு விடுமுறையில்லாத ஒரு சனிக்கிழமை காலையில், எந்தக் கவுன்ட்டரில் என்ன கேட்க வேண்டும், யார் யாருக்கு உதவி தேவைப்படும் என்று அவரிடமே விவரம் கேட்டு எழுதிக்கொண்டு போங்கள்.