பதற்றத்துக்கு வைட்டமின் மாத்திரை உதவுமா? எது, எவ்வளவு எடுக்கலாம்?

உடம்பில் அந்தச் சத்து குறைந்திருந்தால் உதவ வாய்ப்பு உண்டு. அதனால் மெடிக்கலுக்குப் போவதற்கு முன் லேபுக்குப் போங்கள். பி12, வைட்டமின் டி, ஹீமோகுளோபின், டி.எஸ்.எச். (தைராய்டு பரிசோதனை) இந்த நான்கையும் பாருங்கள். தைராய்டு அதிகமாகச் சுரந்தாலும் படபடப்பு, கை நடுக்கம், தூக்கமின்மை வரும். அதற்கு வைட்டமின் மருந்தாகாது. முடி கொட்டுகிறதென்று பயோட்டின் (ஒரு பி வைட்டமின்) மாத்திரை சாப்பிடுபவர்கள் 2 நாள் நிறுத்திவிட்டு ரத்தம் கொடுங்கள். சில பரிசோதனை முறைகளில் அது, இல்லாத தைராய்டு கோளாறை இருப்பதுபோல் காட்டிவிடும்.

பி12 அளவு ஒரு மில்லி லிட்டர் ரத்தத்துக்கு 200 பிகோகிராமுக்குக் கீழே இருந்தால் குறைபாடுதான். சைவம் மட்டும் சாப்பிடுபவர்கள், சர்க்கரைக்கு மெட்ஃபார்மின் எடுப்பவர்கள், அசிடிட்டி மாத்திரையை மாதக்கணக்கில் விழுங்குபவர்கள் அவசியம் பார்க்க வேண்டும். மாத்திரை போட்டுக்கொண்டு பரிசோதித்தால் அளவு சரியாக இருப்பதுபோல் தெரியும், எனவே பரிசோதனைதான் முதலில். பி12 குறைந்திருக்கும்போது ஃபோலிக் அமிலத்தை மட்டும் எடுப்பதும் ஆபத்து: ரத்தசோகை சரியாகும், நரம்புச் சேதம் உள்ளே தொடரும்.

பி6 விஷயம் வேறு. மூளையை அமைதிப்படுத்தும் காபா என்ற வேதிப்பொருள் உருவாக அது தேவை. இங்கிலாந்தின் ரெடிங் பல்கலைக்கழக ஆய்வில் (2022) தினமும் 100 மி.கி. வீதம் ஒரு மாதம் எடுத்த இளைஞர்கள், பதற்றம் குறைந்ததாகச் சொன்னார்கள். ஆனால் ஒரு நாளைக்கு நமக்குத் தேவையானது சுமார் 1.3 மி.கி.தான்! ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2023இல் உச்சவரம்பை 12 மி.கி. என்று வைத்தது. அதிக அளவில் மாதக்கணக்கில் எடுத்தால் பாதமும் விரல்களும் மதமதக்கும். பி12 குறைந்தாலும் இதே மதமதப்புதான். சத்து போதவில்லை என்று நினைத்து இன்னொரு மாத்திரை சேர்ப்பார்கள், நரம்பு மேலும் கெடும். பி காம்ப்ளெக்ஸ், மல்டிவைட்டமின், மெக்னீசியம் மாத்திரை மூன்றிலுமே பி6 இருக்கலாம். அட்டைகளைத் திருப்பிப் பார்த்துக் கூட்டிக்கொள்ளுங்கள்.

வைட்டமின் டி 60,000 யூனிட் வாரம் ஒன்று என்று எழுதிக் கொடுத்ததைத் தினம் ஒன்றாகப் போட்டால் ரத்தத்தில் கால்சியம் ஏறி, வாந்தி, குழப்பம், சிறுநீரகப் பாதிப்பு வரை போகும். வாரத்தில் ஒரு கிழமையைக் குறித்துவைத்து, சாப்பாட்டுக்குப் பிறகு எடுங்கள்.

பதற்றத்துக்கு ஏற்கெனவே மருந்து எடுப்பவர்கள் வைட்டமினை நம்பி அதைச் சட்டென்று நிறுத்தாதீர்கள். தலைசுற்றல், எரிச்சல், தூக்கமின்மை வரலாம். மருத்துவர் சொல்லும் அளவில் படிப்படியாகத்தான் குறைக்க வேண்டும்.