போன சீட்டுக்குப் பதில் சொன்னீர்களா?

அன்புள்ள ஐயா,

ஓசூரில் வாகன உதிரிபாகம் செய்யும் நிறுவனத்தில் மனிதவளப் பிரிவில் இருக்கிறேன். நிறுவனத்தின் புத்தாக்கத்தை அளந்து உயர்த்தும் பொறுப்பு எனக்கு. ஆளுக்கு மாதம் இரண்டு யோசனை என்று இலக்கு வைத்தோம். எண்ணிக்கை ஏறியது, தரம் இல்லை. பரிசீலனையில் நிறைய தேங்கியும் கிடக்கின்றன. காப்புரிமை எண்ணிக்கை, புதிய பொருட்களின் விற்பனைப் பங்கு, இவற்றில் எது சரியான அளவுகோல்?

ஆர்.

அன்புள்ள ஆர்.,

"நிறைய தேங்கியும் கிடக்கின்றன" என்று போகிற போக்கில் எழுதிவிட்டீர்கள். சில காலமாக என் மனதில் ஓடிக்கொண்டிருப்பதும் இதுதான்.

காப்புரிமையை விடுங்கள். கேமராவுக்குப் படச்சுருள் விற்ற கோடாக் நிறுவனத்தில் ஸ்டீவன் சாசன் 1975-லேயே டிஜிட்டல் கேமரா செய்தார், காப்புரிமையும் கிடைத்தது. 2012-ல் அந்த நிறுவனம் திவால் மனு போட்டது.

புதிய பொருட்களின் பங்கு ஓரளவு உதவும். த்ரீஎம் நிறுவனம் அப்படி இலக்கு வைத்து நடத்தியதுதான். ஆனால் அங்கேயே 1968-ல் ஸ்பென்சர் சில்வர், அழுத்தமாக ஒட்டாத ஒரு பசையைக் கண்டுபிடித்தார். எதற்கு உதவும் என்று யாருக்கும் தெரியவில்லை. ஆண்டுக்கணக்கில் சக ஊழியர்களிடம் அதைப் பற்றிப் பேசிக்கொண்டே இருந்தார். 1974-ல் சக ஊழியர் ஆர்ட் ஃப்ரைக்கு, தேவாலயப் பாடல் புத்தகத்தில் வைத்த அடையாளச் சீட்டு விழுந்துகொண்டே இருந்தபோது அந்தப் பசை ஞாபகம் வந்தது. அந்தப் பசை தடவிய, ஒட்டி எடுக்கும் குறிப்புத் தாளான போஸ்ட்-இட் அமெரிக்கா முழுக்கக் கடைக்கு வந்தது 1980-ல். நடுவில் எந்தக் காலாண்டில் அளந்திருந்தாலும் சில்வருக்குப் பூஜ்யம்தான். அவர் பேசினால் கேட்க ஆள் இருந்தது, வேலை நேரத்தில் 15 சதவீதத்தைச் சொந்த யோசனைக்குச் செலவிடும் வழக்கமும் இருந்தது. அதனால் பிழைத்தது அந்தப் பசை.

இளவயதில் நான் வேலை பார்த்த தொழிற்சாலையில் மூத்த ஃபிட்டர் ஒருவர் இருந்தார். மெஷினில் டை என்கிற அச்சை மாற்றும்போது ட்ராலியை எந்தப் பக்கம் நிறுத்தினால் நேரம் மிச்சமாகும் என்று படம் போட்டு யோசனைப் பெட்டியில் போட்டார். பதில் இல்லை. தன் கையெழுத்துதான் புரியவில்லையோ என்று மகனை எழுதவைத்து மறுபடி போட்டார். அதற்கும் இல்லை. டீக்கடையில் ஊர்க்கதையெல்லாம் பேசுகிறவர், அப்புறம் வேலையைப் பற்றி மட்டும் வாய் திறக்கவே மாட்டார். "சொன்னதைச் செய்வோம் தம்பி" என்பார். அந்த மனிதரின் அனுபவம் முழுவதையும் ஒரு பதில் எழுதாமல் தொலைத்தார்கள். இன்றைக்கும் எனக்கு ஆறவில்லை.

நீங்களும் அதைத்தான் செய்கிறீர்கள், ஆர். மாதம் இரண்டு கேட்டீர்கள், மாதக் கடைசியில் கணக்குக்கு இரண்டு எழுதித் தந்துவிட்டார்கள். போன யோசனைச் சீட்டுக்கே பதில் சொல்லாத உங்களுக்கு, தரம் இல்லை என்று குறை சொல்ல என்ன உரிமை? டொயோட்டாவில் 1951 முதல் யோசனைத் திட்டம் நடக்கிறது. அதன் எண்ணிக்கையைப் பார்த்து வியக்கிறவர்கள், ஒவ்வொரு சீட்டையும் உட்கார்ந்து படிக்கும் சூப்பர்வைசரைப் பார்ப்பதில்லை.

சரி, அளக்கத்தான் வேண்டுமா? சீட்டு வந்து எத்தனை நாளில் எழுதியவருக்குப் பதில் போனது என்று பாருங்கள். ஒருமுறை மறுக்கப்பட்டவர் மறுபடி எழுதினாரா என்றும் பாருங்கள். இரண்டுமே உங்களையும் உங்கள் மேலாளர்களையும்தான் அளக்கும். அவர்களுக்குப் பிடிக்காது, பரவாயில்லை.

இலக்கை இந்த மாதமே நிறுத்துங்கள். தேங்கிய சீட்டுகளை எடுத்துக்கொண்டு ஷிஃப்ட் மாறும் நேரத்தில் நீங்களே போங்கள். செய்ய முடியாது என்றால் ஏன் முடியாது என்று எழுதியவரிடம் நேரில் சொல்லுங்கள். மின்னஞ்சல் அனுப்பிவிட்டுச் சும்மா இருக்காதீர்கள், மெஷினில் நிற்கிறவருக்கு அது போய்ச் சேராது.