அத்தையிடம் கத்திவிட்டு அழுகிறேன்

கேள்வி: அத்தை பக்கவாதத்தில் படுத்து எட்டு மாதம் ஆகிறது. கணவருக்குச் செம்பனை ஆலையில் ஷிப்ட் வேலை. ராத்திரி இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை நான்தான் எழுந்து புரட்டிப் படுக்க வைக்கிறேன். ஊட்டும் சோற்றை அத்தை துப்பினால் கத்திவிடுகிறேன். அப்புறம் குளியலறையில் நின்று அழுகிறேன். நான் கெட்டவளா?
- மருமகள், சுங்கை சிப்புட்

பதில்: இல்லவே இல்லை, சகோதரி. எட்டு மாதமாக ஒரு ராத்திரிகூட முழுசாகத் தூங்காதவருக்கு முதலில் போவது பொறுமைதான். பாசம் போய்விட்டதாக அர்த்தமில்லை.

துப்புவதும் பெரும்பாலும் பிடிவாதம் அல்ல. பக்கவாதத்தில் விழுங்கும் தசையும் தளரும். இழுத்துக்கொண்ட பக்கத்துக் கன்னத்தில் சோறு அப்படியே தங்கிவிடும். நிமிர்த்தி உட்கார வைத்து, குழைந்த சோற்றை அரைத் தேக்கரண்டி அளவே கொடுங்கள். விழுங்கியதைப் பார்த்த பிறகே அடுத்த வாய். சாப்பிட்டு அரை மணி நேரம் படுக்க வைக்காதீர்கள். இருமலோ, குரலில் கரகரப்போ வந்தால் ஊட்டுவதை நிறுத்திவிட்டு கிளினிக்கில் சொல்லுங்கள். விழுங்கும் திறனைச் சோதிக்க வேண்டும்.

இனி உங்கள் தூக்கம். காற்று மெத்தை போட்டால் புரட்டும் இடைவெளியை நீட்டலாமா என்று, அத்தையின் தோலைப் பார்த்து நர்ஸ் சொல்வார். நீங்களாக நீட்ட வேண்டாம். நம் கறுத்த தோலில் சிவப்பு சட்டென்று தெரியாது. இடுப்பெலும்பு, குதிகாலைத் தொட்டு, சூடாகவோ கெட்டியாகவோ இருக்கிறதா பாருங்கள். இருந்தால் அது படுக்கைப்புண்ணின் தொடக்கமாக இருக்கலாம்.

கணவரிடம் "கொஞ்சம் உதவுங்க" என்றால் வேலை நடக்காது. "உங்க ஓய்வு நாள் ராத்திரி பத்திலிருந்து நாலு வரைக்கும் அம்மாவை நீங்க பாருங்க" என்று நாளும் நேரமும் சொல்லிக் கேளுங்கள். அன்றைக்கு நீங்கள் வேறு அறையில், கதவைச் சாத்திப் படுங்கள். பாதியில் எழுந்து போய்ப் பார்க்காதீர்கள்.

கோபம் பொங்கினால் வாயில் இருப்பதைத் துடைத்தெடுத்து, கட்டில் தடுப்பை ஏற்றிவிட்டு, ஐந்து நிமிடம் வாசலில் நில்லுங்கள். அது கைவிடுவது ஆகாது.

வாய்ப்புக் கிடைத்தும் தூக்கம் வராமல், எதிலும் பிடிப்பில்லாமல் இரண்டு வாரம் போனால், அத்தையின் மருந்துக்குப் போகும் அதே கிளினிக் கெசிஹாத்தானில் (அரசு சுகாதார கிளினிக்) உங்கள் பெயரையும் பதியுங்கள். மனநிலைப் பரிசோதனை அங்கேயே உண்டு. செத்துவிடலாம் என்றோ, அத்தையை ஏதாவது செய்துவிடுவேனோ என்றோ தோன்றினால் விடியட்டும் என்று காத்திருக்காதீர்கள். மலேசிய அரசின் உதவித் தொலைபேசி தாலியான் காசே 15999, மனக்கஷ்டத்தைக் காதுகொடுத்துக் கேட்கும் பிஃப்ரெண்டர்ஸ் 03-7627 2929, இரண்டுமே 24 மணி நேரமும் இயங்குபவை.

படுத்த படுக்கையாக இருப்பவரைப் பராமரிப்போருக்குச் சமூக நலத்துறையில் மாத உதவித்தொகையும் உண்டு. வருமான வரம்பு இருக்கிறது. மருத்துவர் உறுதிச்சான்றுடன் விண்ணப்பியுங்கள்.