பதில்: சம்மர் லைட்னிங் குளோன் செம்பு நிறத்தில், இனிப்பாக 1.018-இல் நிற்கிறது

நண்பரே, சம்மர் லைட்னிங் என்ற இங்கிலாந்து கோல்டன் ஏலைப் (வெளிர் பொன்னிற பீர்) போல வீட்டில் காய்ச்சியது செம்பு நிறமாகி, இனிப்போடு 1.018 அடர்த்தியில் (தண்ணீர் 1.000) நின்றுவிட்டது என்று கேட்டிருந்தீர்கள். அந்த 1.018-ஐ எதில் அளந்தீர்கள்? ரிஃப்ராக்டோமீட்டர் (ஒளிவிலகலை வைத்துச் சர்க்கரையை அளப்பது) என்றால் அந்த எண்ணை நம்பாதீர்கள். ஆல்கஹால் கலந்தபின் அது கூட்டித்தான் காட்டும். ஹைட்ரோமீட்டரில் (மிதக்கவிட்டு அடர்த்தி பார்க்கும் கருவி), மாதிரியிலுள்ள வாயுவைக் கலக்கி வெளியேற்றிவிட்டுப் பாருங்கள்.

அதிலும் 1.018தான் என்றால் காரணம் உங்கள் குறிப்பிலேயே இருக்கிறது: 69 டிகிரி மாஷ் (மால்ட்டை வெந்நீரில் ஊறவைப்பது), 300 கிராம் கிறிஸ்டல் மால்ட் (நிறமும் இனிப்பும் தரும் வறுத்த மால்ட்). அந்தச் சூட்டில் மாவுச்சத்தைச் சர்க்கரையாக்கும் பீட்டா அமைலேஸ் நொதி சீக்கிரம் செயலிழந்துவிடும். ஈஸ்ட் தின்னமுடியாத டெக்ஸ்ட்ரின் மிஞ்சும். நிறமும் இனிப்பும் கிறிஸ்டல் தந்த கூடுதல் பரிசு. கோல்டன் ஏலுக்கு அது தேவையே இல்லை.

இந்தத் தொகுதியை 20-21 டிகிரிக்கு ஏற்றி, மூடியைத் திறக்காமல் மெல்லச் சுழற்றிவிடுங்கள். இரண்டு மூன்று புள்ளி (1.018-லிருந்து 1.015 வரை) இறங்கலாம், அதற்குமேல் எதிர்பார்க்காதீர்கள். மூன்று நாள் அளவு மாறாமல் நின்றால் மட்டும் பாட்டிலில் அடையுங்கள். அவசரப்பட்டால் பாட்டில் வெடிக்கும்.

அடுத்த முறை 20 லிட்டருக்கு மாரிஸ் ஆட்டர் (வெளிர் பார்லி மால்ட்) மட்டும் 4.5 கிலோ, 65 டிகிரியில் 75 நிமிடம். தெர்மாமீட்டரை முதலில் சரிபாருங்கள், இரண்டு டிகிரி பிசகினாலே கணக்கு மாறும். மால்ட்டிலிருந்து சர்க்கரை இறங்கும் திறன் 72 சதவீதம் என்றால் தொடக்க அடர்த்தி ஏறக்குறைய 1.049 வரும். ஈஸ்ட் கென்ட் கோல்டிங்ஸ் ஹாப்ஸ் (கசப்பும் மணமும் தரும் பூ), 5 சதவீத ஆல்ஃபா அமிலம் (கசப்புக்குக் காரணம்) உள்ளது: கொதியின் 60 நிமிடத்துக்கும் 50 கிராம், கடைசி 10 நிமிடத்துக்கு 30 கிராம். நாட்டிங்ஹாம் ஈஸ்ட் 11 கிராம், 18-19 டிகிரி. 1.010 அருகே வந்து நிற்கும்.