கேள்வி பதில்: ஆஸ்பத்திரி வாங்கில் ஒரு கொப்பி

கேள்வி: அம்மாவின் சிகிச்சைக்காக மகரகம புற்றுநோய் ஆஸ்பத்திரிக்கும் வீட்டுக்குமாக அலைகிறேன். பாதிக் கதை அப்படியே கிடக்கிறது. எழுதுவதையே விட்டுவிடலாமா?
– வாசகி, கொட்டாஞ்சேனை

பதில்: விடாதீர்கள் தங்கச்சி. கதையை மட்டும் ஒதுக்கி வையுங்கள். 2022 பொருளாதார நெருக்கடியில் ஒரு நாளைக்கு 13 மணி நேரம்கூடக் கரண்ட் போனது. காகிதம் இல்லாமல் சில பேப்பர்களே சனிக்கிழமை அச்சை நிறுத்தின. வெள்ளவத்தையில் மெழுகுதிரியோடு இருந்த எனக்குக் கதை வரவில்லை. காஸ் கியூவில் கேட்ட பேச்சைத்தான் சீ.ஆர். கொப்பியில் குறித்தேன்: யார் யாரைத் திட்டினார்கள், எந்த ஆச்சி சிலிண்டரைச் சங்கிலியால் கட்டிவிட்டுத் தேத்தண்ணி குடிக்கப் போனா, எல்லாம். துன்பம் நல்ல எழுத்தைத் தரும் என்பவர்களை நம்பாதீர்கள். முதலில் அது நித்திரையைத்தான் பறிக்கும். கிளினிக் வாங்கில் பக்கத்து ஆள் சோற்றுப் பார்சலைப் பிரிப்பதை எழுதுங்கள், போதும். அம்மா கூப்பிட்டால் வசனத்தைப் பாதியில் விட்டுவிட்டு எழும்புங்கள்.